கருவாட்டுக் கிட்டங்கிக்குள் கடலைக் கொண்டுவருவது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படம் வரைகிறவர் என்றால் தூரிகையைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள், ஏனென்றால் சுவரில் எதையும் மாட்டப்போவதில்லை. சுவர், தரை, கூரை, உள்ளே இருக்கிற இருட்டு, புழுக்கம், வாடை எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. நிறுவல் கலை என்று எழுதுகிறார்கள், பேச்சில் இன்ஸ்டலேஷன். வாசல்படி தாண்டி வந்த ஆளின் உடம்பு என்ன செய்யும், குனியுமா, நடையைக் குறைக்குமா, பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடிக்குமா என்று யோசித்து யோசித்து ஓர் அறையையே மாற்றிப்போடுவது. போன மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்துக்கு மேற்கே, வேதாளைப் பக்கம் தென்கடலைப் பார்த்த ஒரு பழைய கருவாட்டுக் கிட்டங்கியில், அதாவது கருவாடு அடுக்கிவைக்கிற கிடங்கில், இதைச் செய்தோம். இரண்டு பெரிய தப்பும் செய்தோம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்கள் மூன்றாவதாக வேறு ஏதாவது செய்துகொள்ளலாம்.

ஏன் தடைக்காலம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து இல்லாததால் வாடிகளும் கிட்டங்கிகளும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும், கேட்டால் சும்மாகூடக் கொடுப்பார்கள். கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறவர்களிடம் கயிறு, மிதவை, ஈயக் குண்டு எல்லாம் இரவல் கிடைக்கும், முடிச்சுப் போடத் தெரிந்த கைகளும் கிடைக்கும். நமக்கு மூன்று நாள் பிடிக்கிற கட்டை அவர்கள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கட்டிவிடுவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது வெயில் சம்பந்தப்பட்டது, பின்னால் வருகிறேன்.

இடம் பார்க்கும்போது சுத்தமான, வெள்ளையடித்த, நாலு பக்கமும் ஜன்னல் வைத்த மண்டபமாகத் தேடாதீர்கள். அதை மாற்றுவது கஷ்டம். கிட்டங்கி, ஐஸ் உடைக்கிற கொட்டகை, மூடிப்போன அரைவை மில், இந்த மாதிரி ஏற்கெனவே தனக்கென்று ஒரு குணம் உள்ள இடம் போதும். எங்களுடையது 30 அடி நீளம், 18 அடி அகலம், முகட்டில் 14 அடி உயரம், கல்நார் ஷீட் கூரை, சிமென்ட் தரை, கழிவுநீர் ஓட நடுவில் ஒரு வாய்க்கால். உடைமைக்காரரிடம் வாயால் பேசியது போதும் என்று விடாமல் எத்தனை நாள், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், ஜமாத், சங்கத் தலைவர் என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆரம்பித்தால் ‘உள்ளே என்னமோ செய்கிறார்கள்’ என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவரும். வெள்ளிக்கிழமை மதியம் பூட்டுவோம் என்பதை முதல் நாளே அறிவித்துவிட்டோம்.

ஆணி அடிப்பதற்கு முன்னால் ஒரு முழு நாள் அந்த அறைக்குள் சும்மா உட்காருங்கள். நிஜமாகவே சும்மா. ஒரு நோட்டும் சாக்கட்டியும் போதும். கூரை ஓட்டை வழியாக விழுகிற வெயில் வட்டம் எட்டு மணிக்கு எங்கே, பத்து மணிக்கு எங்கே என்று தரையில் குறித்துக்கொண்டே வாருங்கள். காற்று எந்தச் சந்தில் நுழைகிறது, எங்கே நின்றால் கடல் சத்தம் திடீரென்று கூடுகிறது, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த இடத்தில் நிற்க உங்களுக்கே பிடிக்கவில்லை என்றெல்லாம் எழுதுங்கள். அப்புறம் அளவெடுத்து ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்ற கணக்கில் அட்டையில் ஒரு சின்னக் கிட்டங்கி செய்துகொள்ளுங்கள். நாங்கள் பிரியாணிக் கடை அட்டைப்பெட்டியில் செய்தோம். அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வாசல் வழியாக எட்டிப் பார்த்தால், தாளில் தெரியாத பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதல் தப்பு: உப்பு

நியூயார்க்கில் ஒரு மாடி வீட்டில் வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் மண்ணைக் கொட்டி வைத்தார். 3,600 சதுர அடி, 22 அங்குல உயரம், முழுக்க மண். இன்னும் இருக்கிறது. தண்ணீர் தெளித்து, வாரிவிட்டு, பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் உள்ளே காலை வைக்க முடியாது, வாசலில் நின்று பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதைப் பற்றிப் படித்த மயக்கத்தில், நம்மூர் என்றால் உப்புதானே, வாலிநோக்கம் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் உப்பளம்தானே என்று பத்து மூடை கல் உப்பு வாங்கி, பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி கொட்டிப் பரப்பிவிட்டோம். வெறுங்காலில் நடக்கலாம் என்று பலகையில் பெருமையாக எழுதியும் வைத்தோம்.

முதல் நாள் வந்த ஓர் அப்பத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், குனிந்து ஒரு கல்லை எடுத்து விரலால் நசுக்கினார். “நாப்பது வருசம் உப்புலதான் நின்னேன் தம்பி. இங்கிட்டும் உப்பா?” என்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் குதிகாலைக் காட்டினார். வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு அரிசி நிற்கும். அந்தக் காலை உப்பில் வைக்கச் சொல்லித்தான் நான் பலகை எழுதியிருந்தேன். திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அது போக உப்பு தானாகவே எங்களைப் பழிவாங்கியது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே நீர்விட ஆரம்பிக்கும், உப்பளத்துக் கல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு முன்னாலேயே கசியும். கடற்கரையில் ராத்திரி ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். காலையில் கதவைத் திறந்தால் தரை சொதசொதவென்று, மதியம் காய்ந்து பாளம் பாளமாக, மறுநாள் மறுபடி சொதசொத. நாலாம் நாள் ஷட்டரின் அடிப்பட்டை செம்பழுப்பாகிவிட்டது. உடைமைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஐந்தாம் நாள் உப்பை வாரி மூடையில் கட்டி, ஷட்டரை நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் பூசினோம்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது பார்க்க எப்படி இருக்கும் என்பதோடு, வருகிறவர் உடம்புக்கு அது ஏற்கெனவே என்ன செய்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டணத்து ஆளுக்கு உப்புத்தரை புது அனுபவம், இங்கே அது கூலி வேலை. பெரிய ஆட்களுக்கும் பொருள் விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார், ஜனங்கள் அதன்மேல் நடந்து விளையாடினார்கள், சில நாளிலேயே பீங்கான் தூசி மூச்சுக்கு ஆகாது என்று நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று, பவளக்கல், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் அலங்காரத்துக்குக்கூட எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் நேராக வழக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கியதுதானே என்ற சமாதானம் செல்லாது. கிழிந்த வலை, அறுந்த கயிறு, பழைய மிதவை, பனை ஓலை இதற்கெல்லாம் நம்மூரில் பஞ்சமே இல்லை.

இருட்டும் ஒரு ஓட்டையும்

உப்பை வாரிய பிறகு வெறும் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் நாள் நோட்டில் நானே எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: ‘தெற்குச் சுவர் ஓட்டை, எதிர்ச்சுவரில் ஏதோ அசைகிறது.’ அதுதான் விஷயமே. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கீற்றுக் கொட்டகை நிழலில் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்ததைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. வெளிச்சம் நேர்கோட்டில் போகும். ஒரு சின்ன ஓட்டை வழியாக இருட்டறைக்குள் வந்தால், வானத்திலிருந்து வருவது கீழே இறங்கித் தரைப்பக்கம் விழும், கரையிலிருந்து வருவது மேலே ஏறிக் கூரைப்பக்கம் விழும், வெளியே இருக்கிற கடல் முழுக்க எதிர்ச்சுவரில் தலைகீழாக, நிறத்தோடு, அசைவோடு வந்து நிற்கும். மின்சாரம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். கெய்ரோவில் இருந்த இப்னு அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கேமரா என்ற சொல்லே லத்தீனில் அறையைக் குறிக்கிற சொல்தான், இருட்டறை என்பதைச் சுருக்கிச் சுருக்கிப் பெட்டிக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

இப்போது அந்த வெயில் கணக்கு. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதேகால் பாகையில். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை வடக்கு வானத்திலேயே ஓடும். அதாவது தடைக்காலம் முழுக்கச் சூரியன் நமக்கு வடக்கே. தெற்குப் பார்த்த சுவரில் ஓட்டை போட்டால் ஒரு நாளும் நேர்வெயில் உள்ளே வராது, ஆனால் எதிரே இருக்கிற கடலின் மேல் வெயில் நன்றாக விழும். தென்கடல் கரைக்காரர்களுக்கு இது சும்மா கிடைத்த வரம். தேவிபட்டினம், தொண்டி மாதிரி கிழக்கே கடல் உள்ள ஊர் என்றால் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் சூரியன் நேரே ஓட்டைக்குள் வந்து படத்தை அழித்துவிடும்.

சுவரை உடைக்க வேண்டாம். எங்களுக்கு ஏற்கெனவே ஒரு வென்டிலேட்டர் இருந்தது, அதை அளவெடுத்து 12 மில்லிமீட்டர் பிளைவுட்டால் அடைத்து, பலகையில் ஓட்டை போட்டோம். உயரம் தரையிலிருந்து ஆறரை அடி. ஆள் தலைக்கு மேலே இருந்தால்தான் நிற்பவர்கள் நிழல் படத்தில் விழாது. வெறும் ஓட்டை என்றால் ஒரு சென்டிமீட்டர் விட்டம் சரியாக வரும். அபெலார்டோ மொரெல் என்கிற புகைப்படக்காரர் 1991 முதல் வீட்டு அறைகளையும் ஓட்டல் அறைகளையும் இப்படி இருட்டாக்கித்தான் படம் எடுக்கிறார், அவர் ஓட்டையும் ஏறக்குறைய இந்த அளவுதான். ஆனால் அதில் வருகிற படம் மங்கல், கேமரா மணிக்கணக்கில் காத்திருக்கும், மனுசன் காத்திருக்க மாட்டான்.

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் பிளஸ் 0.25 பவரில் ஒரு லென்ஸ், ஃப்ரேமுக்கு வெட்டாத முழு வட்டமாக வேண்டும் என்று கேளுங்கள். பவரை ஒன்றுக்குக் கீழே போட்டு வகுத்தால் எத்தனை மீட்டரில் படம் தெளிவாக விழும் என்று கிடைக்கும். 0.25 என்றால் 4 மீட்டர், 0.5 என்றால் 2 மீட்டர். கிட்டங்கிக்கு 4 மீட்டர், வீட்டு அறைக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பலகையில் மூன்றரை சென்டிமீட்டர் வட்டம் வெட்டி அதன்மேல் இந்த லென்ஸை ஒட்டினால், ஒரு சென்டிமீட்டர் ஓட்டையைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். கடைக்காரர், “கண்ணு செக் பண்ணியாச்சா, யாருக்கு?” என்று கேட்டார். கிட்டங்கிக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திரை எங்கே, சுவரா துணியா? சுவர் 18 அடி தள்ளி இருந்தது, எங்களுக்கு வேண்டியது 13 அடி, அதனால் துணி. எட்டு முழ வேட்டி நாலு வாங்கி, கரையை வெட்டிவிட்டு, நெட்டுக்குத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஏறக்குறைய 12 அடி உயரம், 16 அடி அகலம் வரும். துவைக்கும்போது நீலம் போடாதீர்கள், வானம் வானமாகவே இருக்கட்டும். மேலே ஒரு மூங்கிலில் கோத்து, கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து அதற்குள் வலையில் கோக்கிற ஈயக் குண்டுகளைப் போட்டால் துணி நேராக நிற்கும். சோளகக் காற்று எழும்பிய அன்று என்ன செய்தும் துணி லேசாக உப்பி உப்பி அடங்கியது, கடலே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். பின்பக்கம் மட்டும் ஒரு கறுப்பு பாலிதீன் கட்டினால் வெள்ளைத் துணி ஊடுருவித் தெரியாது.

இருட்டடிப்புதான் பாடாய்ப் படுத்தும். கூரைச் சந்து, கதவு இடுக்கு, ஆணி போன ஓட்டை என்று வெளிச்சம் எங்கிருந்தெல்லாமோ வரும். உச்சிவெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உள்ளேயே நில்லுங்கள். கண் பழகப் பழக ஒவ்வொரு கசிவாகத் தெரியும், சாக்கட்டியால் குறித்துக்கொண்டு பிறகு துணி திணித்து, தார்ப்பாய், சாக்கு, கறுப்பு பாலிதீன் என்று எது கிடைக்கிறதோ அதால் அடையுங்கள். கல்நார் ஷீட்டில் துளை மட்டும் போடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதன்மேல் ஏறி நிற்கவும் கூடாது, பழைய ஷீட் அப்பளம் மாதிரி உடையும். நாங்கள் சட்டத்தின் மேல் பலகை போட்டு அதில் தவழ்ந்து போய்க் கூரைக்கு மேலே தென்னங்கீற்று பரப்பிக் கட்டினோம். சந்தும் அடைபட்டது, சூடும் கொஞ்சம் தணிந்தது.

ஆனால் வெளிச்சத்தை அடைத்தால் காற்றும் அடைபடும், மே மாதத்தில் அது விளையாட்டில்லை. பிளைவுட்டில் இரண்டு முறை மடங்கிப் போகிற மாதிரி ஒரு கூண்டு செய்து உள்ளே கறுப்பு அடித்து, கடல் பக்கம் தாழ்வாக ஒன்று, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒன்று வைத்தோம். காற்று வளைந்து வரும், வெளிச்சம் வளையாது. வாசலுக்கும் அதே தந்திரம்தான், நாலடி இடைவெளியில் இரண்டு கறுப்புத் திரை, அதன் நடுவில் திரும்பித் திரும்பி நுழைய வேண்டும்.

உள்ளே ஆள் விடுவது

கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும், முழுசாகப் பழக அரை மணி. வெயிலிலிருந்து நேரே உள்ளே விட்டால், ‘ஒண்ணுமே தெரியலையே’ என்று திரும்பிவிடுவார்கள். அதனால் இரண்டு திரைக்கும் அப்பால் ஒரு சின்ன நடை விட்டு, கிழிந்த வலையைத் தாழ்வாகப் பந்தலாகக் கட்டி, ஒரு பெஞ்சு போட்டோம். ஐந்து நிமிடம் அங்கே உட்கார்ந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேச்சு தானாகக் குறைந்து குசுகுசுவென்று ஆகிறது. ஒரு தடவைக்கு எட்டுப் பேர், இருபது நிமிடம், காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை. செல்போனைப் பனை ஓலைக் கொட்டானில் போட்டுவிட்டுப் போகச் சொன்னோம், பாதிப் பேர் போடவில்லை, பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரு ஆள் ஒரு நொடி டார்ச் அடித்தால் எட்டுப் பேரும் ஐந்து நிமிடம் குருடு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கருவாட்டு வாடையைப் போக்க முதல் வாரம் பினாயில் போட்டுத் தேய்த்தேன். அதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன், இரண்டு நாள் ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. அந்த வாடை அறையின் சொந்தச் சொத்து, விட்டுவிடுங்கள். அதே போல அலைச் சத்தத்தை ஸ்பீக்கரில் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். ஐம்பதடியில் கடல் இருக்கிறது ஐயா. உண்மையில் எங்கள் அறையில் பலரையும் பிடித்து நிறுத்தியது ஒரு நாட்டுப்படகின் எஞ்சின் சத்தம். சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும், படகு கண்ணுக்கு முன்னால் துணியில் போகும். எல்லோரும் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தார்கள், அங்கே ஒரு ரூபாய் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெளிச்சம்தான் இருந்தது.

இரண்டாவது தப்பு இங்கேதான். இருட்டறையைத் திறந்த மூன்றாம் நாள் உடைமைக்காரரே வந்தார், கூடப் பிறந்த அண்ணனையும் அழைத்து வந்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளே போய், துணிக்கு முன்னால் நின்றார்கள். ஒரு வள்ளம் குறுக்கே போனது. அழகாக, நிறமாக, தலைகீழாக. அண்ணன் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார், “என்ன தம்பி, வள்ளத்தக் கவுத்துப் போட்டுல்ல காட்டுறீங்க.” அப்புறம் வெளியே போய்விட்டார். எனக்கு அதுவரை அது ஒளியியல். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்களில், வீட்டுக்கு ஒருவராவது கடலில் போயிருக்கிற தெருக்களில், கவிழ்ந்த படகைச் சுவர் உயரத்துக்குக் காட்டினால் அது என்னவாகத் தெரியும் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

படத்தை நிமிர்த்த வழி உண்டா என்றால் உண்டு. எடின்பரோ நகரத்தில் ஒரு கோபுரத்து உச்சியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற இருட்டறையில் மேலே சாய்வாகக் கண்ணாடி வைத்து, ஊரைக் கீழே ஒரு வெள்ளை மேசையில் விழ வைக்கிறார்கள். எங்களிடம் கோபுரமும் இல்லை, அவ்வளவு பெரிய கண்ணாடியும் இல்லை. முடிவெட்டும் கடையில் பிடரியைக் காட்ட ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பார்களே, அதில் ஆறு வாங்கினோம். அதை மூக்குக்குக் கீழே தாம்பாளம் ஏந்துகிற மாதிரி படுக்கையாகப் பிடித்து, துணியைப் பார்த்து நின்று, கண்ணாடிக்குள் குனிந்து பாருங்கள். கடல் கீழே, வானம் மேலே, வள்ளம் நேராகப் போகும். இந்தப் படத்தில் மாறியிருப்பது மேலும் கீழும் மட்டும்தான், கடலைப் பார்த்து நின்றால் படகு எந்தக் கைப்பக்கம் போகுமோ துணியிலும் அதே கைப்பக்கம்தான் போகும், அதனால் கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்து, ‘உள்ளே எல்லாம் தலைகீழாக இருக்கும், பார்க்கப் பிடிக்காவிட்டால் இதில் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டோம். இருட்டில் எட்டுப் பேர் கண்ணாடியை ஏந்திக் குனிந்து நிற்பதே தனியாக ஒரு காட்சியாக இருந்தது. மறுவாரம் அந்த அண்ணன் மறுபடி வந்தார், கண்ணாடியில்தான் பார்த்தார், ஒரு வள்ளத்தைப் பார்த்து அது யாருடையது என்று பெயர் சொன்னார்.

கொச்சி பினாலே என்கிற கலைக் கண்காட்சியில் 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டா ஒரு பழைய கிட்டங்கிக்குள் கடல்நீரை விட்டார். தண்ணீரில் நடந்து எதிர்ச்சுவருக்குப் போனால் கடலில் மூழ்கிச் செத்த ஒரு சிரியக் குழந்தைக்காக எழுதிய வரிகள் இருக்கும். அவருக்கு யாருக்காக என்பது முதலிலேயே தெரிந்திருந்தது, எனக்கு அந்த அண்ணன் வந்து சொன்ன பிறகு தெரிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டறை என்பதால் வெளியே போகிற இன்னொரு கதவு கட்டாயம், அது உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், பூட்டக் கூடாது. நடக்கிற வழியின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டுங்கள், வாய்க்காலைப் பலகையால் மூடுங்கள். நைலான் வலை தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அதனால் ஊதுபத்திகூட வேண்டாம், வாசலில் இரண்டு வாளி மணல். மின்விசிறிக்குக் கரண்ட் எடுத்தால் 30 மில்லிஆம்ப் கசிவுக்கே டிரிப் ஆகிற பிரேக்கர் போடச் சொல்லுங்கள், ஒயர் இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, உப்புக்காற்றில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மாதம் தாங்காது. வாசலில் எப்போதும் ஒரு ஆள், உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு. மேகம் மூடினால் படம் மங்கும், வெட்கப்படாமல் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள், வருவார்கள்.

பிரிக்கும் வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஜூன் 14 நள்ளிரவில் தடை முடிகிறது, அடுத்த இரண்டு நாளில் மீன் வந்துவிடும், அதற்கு முன்னால் கிட்டங்கி கிட்டங்கியாகத் திரும்ப வேண்டும். இரவல் வாங்கிய வலையும் ஈயமும் யார் யாருடையது என்று ஆரம்பத்திலேயே துணிச்சீட்டுக் கட்டியிருந்தால் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் எங்களைப் போல ஒரு முழுநாள் வாடி வாடியாக அலைய வேண்டியதுதான். கண்ணாடி லென்ஸை முதலில் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் துணியில் சுற்றுங்கள், உப்பு படிந்தே கிடந்தால் மேல்பூச்சு உரிந்துவிடும். பிளைவுட் பலகையையும் கழற்றப் போனோம். உடைமைக்காரர் அது இருக்கட்டும் என்றார். சரி என்று ஓட்டைக்கு அளவாகப் பழைய மிதவை ஒன்றைச் செதுக்கித் தக்கையாக்கி, ஒரு முழக் கயிறு கட்டி, பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தோம்.